நினைவாற்றல் பயிற்சிச் செயலி: அப்பாவுக்கு 36,000 ரூபாய் கட்டலாமா?

ஆரப்பாளையம்_மகன்

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 69 வயது. அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர், பெரும்பாலும் மதுரை–தேனி தடத்தில்தான் ஓடினார். கொஞ்ச காலமாக மறதி. சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுகிற சாதாரண மறதி இல்லை. மளிகைக் கடையில் பணத்தைக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்று மறுபடி பர்ஸைத் திறக்கிறார், காலையில் பேசி முடித்த கல்யாண விஷயத்தைச் சாயங்காலம் புதிதாகக் கேட்பதுபோல் கேட்கிறார், கரண்ட் பில் தேதி தவறிப்போகிறது. மற்றபடி குளிப்பது, சாப்பிடுவது, தனியாகக் கோயிலுக்குப் போய்வருவது எல்லாம் எப்போதும்போலத்தான். நரம்பியல் மருத்துவர் பார்த்துவிட்டு இது டிமென்ஷியா என்கிற மறதி நோய் இல்லை, எம்.சி.ஐ. என்கிற லேசான அறிவாற்றல் குறைவு நிலை, ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார். மாத்திரை எதுவும் எழுதவில்லை.

இப்போது ஒரு தனியார் மையத்தில் டேப்லெட்டோடு சேர்த்து ஒரு வருடத்துக்கு 36,000 ரூபாய் கேட்கிறார்கள். தினமும் ஒரு மணி நேரம் அதில் பயிற்சி செய்தால் மூளை செல் புதிதாக வளரும், டிமென்ஷியா வரவே வராது என்கிறார்கள். மாதிரிக்கு அப்பாவை உட்காரவைத்தார்கள். திரையில் படங்கள் வரிசையாக வந்து மறையும், எது எது வந்தது என்று தொட வேண்டும். அதில் ஒன்று, கம்பில் நட்டு ஓரத்தில் சிவப்புக் கொடி வைத்த தபால் பெட்டி. வெளிநாட்டு வீடுகளுக்கு முன்னால் இருக்குமே, அது. அப்பா அதைத் தூக்கணாங்குருவிக் கூடு மாதிரி ஏதோ பறவைப் பெட்டி என்று நினைத்துக்கொண்டார். இன்னொன்று ஊதா நிறத்தில் ஏதோ பழம், நாவல்பழம் என்றார், பட்டியலில் அப்படி எதுவும் இல்லை. கடைசியில் சிவப்பு எழுத்தில் மதிப்பெண் வந்தது. அதைப் பார்த்ததிலிருந்து சரியாகப் பேசவில்லை. அம்மா கட்டிவிடலாம் என்கிறார், எனக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

யானைமலை

கட்டாதீர்கள் தம்பி. "வரவே வராது" என்று ஒருவர் சொன்னாலே அங்கிருந்து எழுந்து வந்துவிட வேண்டும். லூமாசிட்டி என்று உலகம் முழுக்கத் தெரிந்த செயலி ஒன்று இருக்கிறது. வயதானால் வரும் மறதியைத் தள்ளிப்போடும் என்று அவர்களும்தான் விளம்பரம் செய்தார்கள். ஆதாரம் இல்லாமல் சொன்னார்கள் என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் பிடித்தது. 2016 ஜனவரியில் 20 லட்சம் டாலர் கட்டிச் சமரசம் செய்துகொண்டார்கள். உங்களிடம் சொன்னவர்களிடம் ஒரே ஒரு விஷயம் கேளுங்கள்: எம்.சி.ஐ. உள்ளவர்களுக்கு டிமென்ஷியா வராமல் தடுத்தது என்று எந்த ஆய்வு சொல்கிறது, எழுத்தில் கொடுங்கள் என்று.

நாகமலை_ஓடி

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சி கொடுப்பவள், பெரும்பாலும் வயதானவர்களோடுதான் வேலை. யானைமலை அண்ணன் சொன்ன வழக்கு உண்மை. ஆனால் அதை வைத்துப் பயிற்சியே வீண் என்று முடிவுகட்ட வேண்டாம். விற்கிறவர் மிகைப்படுத்துவது ஒரு விஷயம், பயிற்சியால் பலன் உண்டா என்பது வேறு விஷயம்.

தம்பி, செயலியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் சில கேள்விகள். அப்பாவுக்கு வைட்டமின் பி12, தைராய்டு ரத்தப் பரிசோதனை எடுத்தார்களா? சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறாரா? அதைப் பல வருடம் சாப்பிடுகிறவர்களுக்கு உடம்பில் பி12 குறையலாம், பி12 குறைந்தால் மறதியும் வரும், கால் மரத்தும் போகும். ஊசியோ மாத்திரையோ கொடுத்துச் சரிசெய்யக்கூடிய விஷயம் அது. தூக்கம் வரவில்லை என்று ஏதாவது மாத்திரை போடுகிறாரா? அரிப்புக்கும் சளிக்கும் மெடிக்கலில் நாமே கேட்டு வாங்குகிற, தூக்கம் வரவைக்கும் பழைய வகை மாத்திரைகள், அடிக்கடி சிறுநீர் போவதற்குக் கொடுக்கும் சில மாத்திரைகள், இவையெல்லாம் வயதானவர்களுக்கு மறதியைக் கூட்டும். பலமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறதா? ஓய்வு பெற்ற பிறகு மனம் சோர்ந்து போயிருக்கிறாரா? மனச்சோர்வும் வெளியே பார்ப்பதற்கு மறதி மாதிரியே இருக்கும்.

அப்புறம் காது. இத்தனை வருடம் பேருந்து இரைச்சலிலேயே நின்று வேலை பார்த்தவருக்குக் காது எப்படி இருக்கிறது என்று கட்டாயம் பார்க்க வேண்டும். காதில் சரியாக விழாத விஷயம் நினைவில் எப்படி நிற்கும்? 2023ல் அமெரிக்காவில் 977 முதியவர்களை வைத்து ஓர் ஆய்வு வந்தது. மொத்தமாகப் பார்த்தால் காது மெஷினால் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ரத்த அழுத்தம், சர்க்கரை மாதிரி ஆபத்துக் காரணங்கள் கூடுதலாக இருந்தவர்களுக்கு மூன்று வருடத்தில் அறிவாற்றல் குறைவது கிட்டத்தட்டப் பாதியாக மட்டுப்பட்டது. கண்ணும் அப்படித்தான். 2024ல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு டிமென்ஷியாவுக்கு நாம் மாற்றக்கூடிய காரணங்கள் 14 என்று பட்டியல் போட்டது, அதில் பார்வைக் குறைவு புதிதாகச் சேர்ந்தது. கண்புரை பார்க்க மதுரைக்காரர்கள் எங்கேயும் அலைய வேண்டியதில்லை, 1976ல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இங்கேதானே இருக்கிறது.

இதெல்லாம் பார்த்து முடிக்காமல் டேப்லெட்டை வாங்குவது பணத்துக்கும் கேடு, காலத்துக்கும் கேடு.

குறிஞ்சி_கேகேநகர்

நான் வேறு விதமாகச் சொல்லப்போகிறேன், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் அம்மாவுக்கும் இதே எம்.சி.ஐ.தான், பி12, தைராய்டு எல்லாம் பார்த்துச் சரியாக இருந்தது. போனிலேயே ஒரு செயலி போட்டுக் கொடுத்தோம். முதல் வாரம் எரிச்சல்பட்டார். அப்புறம் என் பெண் பள்ளிக்கூடம் விட்டு வந்து பாட்டியோடு உட்கார ஆரம்பித்தாள், இரண்டு பேரும் போட்டி போட்டு விளையாடுவார்கள். இப்போது அம்மா முன்பு மாதிரி மூலையில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதில்லை. கூட்டுக் கணக்கு வேகமாகப் போடுகிறார், சீரியலில் நேற்று எங்கே விட்டது என்று சொல்கிறார். மறதி போய்விட்டது என்று சொல்லவில்லை, அடுப்பில் பாலை வைத்துவிட்டு இன்னும் மறக்கத்தான் செய்கிறார். ஆனால் ஆள் கலகலப்பாகிவிட்டார், அதற்கு விலை கிடையாது. ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்லி ஒரு வாய்ப்பை மூடிவிடாதீர்கள்.

யானைமலை

உங்கள் அம்மா தேறியதில் சந்தோஷம்தான். ஆனால் தேற்றியது செயலியா, பேத்தியா?

குறிஞ்சி_கேகேநகர்

இரண்டும் சேர்ந்துதான் என்று நினைக்கிறேன். செயலி இல்லையென்றால் பேத்தி தினமும் உட்கார்ந்திருக்க மாட்டாள், எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

நாகமலை_ஓடி

நீங்கள் இரண்டு பேர் சொல்வதும் ஆய்வுகளோடு ஒத்துப்போகிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எம்.சி.ஐ. உள்ளவர்களுக்குக் கணினிப் பயிற்சி டிமென்ஷியாவைத் தடுக்குமா என்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2019ல் எல்லா ஆய்வுகளையும் அலசியது. தகுதியானதாகக் கிடைத்தவை 8 ஆய்வுகள், மொத்தம் 660 பேர். தடுக்கும் என்றும் சொல்ல முடியவில்லை, தடுக்காது என்றும் சொல்ல முடியவில்லை, ஆதாரத்தின் தரம் குறைவு என்று முடித்தார்கள். 2017ல் வந்த இன்னொரு தொகுப்பு 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, நினைவு, கவனம் போன்றவற்றில் ஓரளவு முன்னேற்றம் தெரிகிறது என்றது. அதாவது பரீட்சையில் மதிப்பெண் கொஞ்சம் கூடுகிறது, அது நோயை நிறுத்துகிறதா என்பதற்கு இன்னும் பதில் இல்லை. விற்கிறவர்கள் முதல் பாதியைக் காட்டி இரண்டாவது பாதியை விற்கிறார்கள்.

ஆக்டிவ் என்று ஒரு பெரிய ஆய்வு இருக்கிறது, 2832 முதியவர்கள், 1998ல் தொடங்கியது. நினைவுப் பயிற்சி ஒரு குழுவுக்கு, யோசிக்கும் பயிற்சி ஒரு குழுவுக்கு, திரையில் வருவதை வேகமாகக் கவனித்துப் பிடிக்கும் பயிற்சி ஒரு குழுவுக்கு. பத்து வருடம் கழித்துப் பார்த்தபோது வேகப் பயிற்சி எடுத்தவர்களுக்கு மட்டும் டிமென்ஷியா குறைவாக இருந்தது என்று 2017ல் எழுதினார்கள். இதைத்தான் எல்லா விளம்பரத்திலும் போடுகிறார்கள். ஆனால் அதில் சேர்ந்தவர்கள் நல்ல நினைவோடு இருந்தவர்கள், உங்கள் அப்பா மாதிரி எம்.சி.ஐ. வந்தவர்கள் இல்லை. கவனிக்க வேண்டியது, எந்தக் குழு எதைப் பயின்றதோ அதில்தான் நன்றாகத் தேறியது. படம் நினைவு வைக்கிற விளையாட்டை எத்தனை நாள் ஆடினாலும் படம் நினைவு வைப்பதில்தான் கெட்டிக்காரர் ஆவார்கள், கரண்ட் பில் தேதி தானாக நினைவுக்கு வந்துவிடாது. ஆகவே எது வாழ்க்கைக்கு வேண்டுமோ அதையே பயிற்சியாக்க வேண்டும்.

இன்னொன்று, யார் பயிற்சி கொடுக்கிறார்கள் என்பது. 2014ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் நல்ல நினைவுள்ள முதியவர்களைப் பற்றிய 50க்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். வீட்டில் தனியாக உட்கார்ந்து செய்தவர்களுக்குப் பலன் தெரியவில்லை, குழுவாக, பக்கத்தில் ஒருவர் இருந்து நடத்தியபோது தெரிந்தது. வாரத்தில் மூன்று முறைக்கு மேல் செய்தவர்களுக்கும் பலன் தெரியவில்லை. தினமும் ஒரு மணி நேரம் என்று சொல்கிறார்களே, அது எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியவே இல்லை. குறிஞ்சி, உங்கள் பெண்தான் அங்கே பயிற்சியாளர், அவளை விட்டுவிடாதீர்கள்.

எம்.சி.ஐ. என்றாலே அடுத்தது டிமென்ஷியா என்று அம்மா பயந்துபோயிருந்தால் இதையும் சொல்லுங்கள் தம்பி. அமெரிக்க நரம்பியல் கழகம் 2018ல் சொன்ன கணக்குப்படி 65 வயதைத் தாண்டிய எம்.சி.ஐ. உள்ளவர்களில் இரண்டு வருடத்தில் டிமென்ஷியாவுக்குப் போகிறவர்கள் ஏறத்தாழ 100க்கு 15 பேர். சிலர் பழையபடி தெளிந்தும் விடுகிறார்கள். அதே வழிகாட்டுதலில் வாரம் இரண்டு முறையாவது உடற்பயிற்சி செய்யச் சொல்லுங்கள் என்று மருத்துவர்களிடம் உறுதியாகச் சொன்னார்கள். மூளைப் பயிற்சியைப் பற்றி, பரிந்துரைக்கலாம் என்ற அளவில் மட்டும் நிறுத்திக்கொண்டார்கள்.

ஓய்வுபெற்ற_தமிழாசிரியர்

எல்லாரும் பிள்ளைகள் தரப்பிலிருந்து எழுதுகிறீர்கள். நானே எம்.சி.ஐ. நிலையில் உள்ளவன், திருமங்கலம் பக்கம். இதை எழுதி, மறுபடி படித்துப் பார்த்து, விட்டதைச் சேர்த்துத்தான் அனுப்புகிறேன்.

தம்பி, உங்கள் அப்பா ஏன் பேசவில்லை என்று எனக்குத் தெரியும். ஆயிரக்கணக்கான பேரிடம் சில்லறை எண்ணிக் கொடுத்த மனிதருக்கு ஒரு சின்னப் பலகை சிவப்பு எழுத்தில் தோற்றாய் என்று சொன்னால் எப்படி இருக்கும்? என்னிடம் படித்த பிள்ளைகள் தெருவில் நிறுத்தி வணக்கம் சொல்லும்போது பெயர் வராது. முகம் தெரியும், எந்த பெஞ்சில் உட்கார்ந்தான் என்பது தெரியும், பெயர் மட்டும் வராது. கூட நிற்கும் மனைவிக்கு முன்னால் அவனை அறிமுகப்படுத்த முடியாமல் நிற்கும் அந்த நேரம் இருக்கிறதே, அதற்குப் பயந்தே கொஞ்ச காலம் கல்யாண வீடுகளுக்குப் போவதை விட்டேன். வீட்டுக்குள் அடைந்துகொண்டால் இன்னும் மோசமாகும் என்று எனக்குப் பயிற்சி கொடுத்த பெண் சொன்னார்.

அவர் சொல்லிக்கொடுத்தது இதுதான். ஒரு பெயரைக் கேட்டவுடன் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரு நிமிடம் கழித்து மறுபடி, இரண்டு நிமிடம், நான்கு, எட்டு என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். வராவிட்டால் யோசித்துத் தவறாகச் சொல்லாமல் உடனே கேட்டுத் தெரிந்துகொண்டு, முந்தைய இடைவெளிக்குத் திரும்ப வேண்டும். என் போனில் பேரன் இதற்கு ஏற்பாடு செய்திருக்கிறான், சொந்தக்காரர்களின் படம் வரும், நான் பெயர் சொல்ல வேண்டும், பிறகு அவர்கள் குரலிலேயே பெயர் கேட்கும். காசு கொடுத்து வாங்கியது எதுவும் இல்லை. கல்யாணத்துக்குப் போவதற்கு முந்தின நாள் அந்த வீட்டாரின் படங்களை மட்டும் பார்த்துக்கொண்டு போகிறேன். மண்டபத்தில் நான்கு பேரை வாய் நிறையப் பெயர் சொல்லி அழைக்க முடிகிறது.

நாளிதழில் வரும் குறுக்கெழுத்தும் போடுகிறேன். அது வீண் வேலை என்று மகன் நினைத்தான், 2022ல் அமெரிக்காவில் இதே எம்.சி.ஐ. உள்ள 107 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்குக் கணினி விளையாட்டும் ஒரு பாதிக்குக் கணினியிலேயே குறுக்கெழுத்தும் கொடுத்து 78 வாரம் பார்த்ததில், குறுக்கெழுத்துக்காரர்கள்தான் சற்று மேலாக இருந்தார்கள் என்று மருத்துவரே காட்டிய பிறகு இப்போது அவனே பேப்பரை எடுத்து வைக்கிறான்.

நாகமலை_ஓடி

ஐயா, வணங்கிச் சொல்கிறேன், இதை எழுதியதற்கு நன்றி. ஐயா சொன்ன ஆய்வு சரிதான், பயிற்சி எதுவும் இல்லாத குழு அதில் இல்லை, வித்தியாசமும் சிறியது, அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஆனால் பழகிய மொழியில், பழகிய விஷயத்தில் மூளைக்கு வேலை கொடுப்பது மட்டமானது இல்லை.

கீழமாசி_வங்கி

நான் வங்கியில் வேலை பார்க்கிறேன், பயிற்சி பற்றித் தெரியாது, ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். மறதி உள்ள பெரியவர் கையில் போன் கொடுத்துப் பழக்கும்போதே பணப் பரிவர்த்தனைக்கு நாள் வரம்பைக் குறைத்து வையுங்கள். பெரிய தொகை உள்ள கணக்கை யு.பி.ஐ.யில் இணைக்காதீர்கள், செலவுக்குத் தனிச் சின்னக் கணக்கு போதும். போலீஸ் பேசுகிறோம், ஓ.டி.பி. சொல்லுங்கள் என்று வரும் அழைப்புகளுக்கு இவர்கள்தான் முதலில் மாட்டுகிறார்கள். பணம் போய்விட்டால் யோசிக்காமல் உடனே 1930க்குக் கூப்பிடுங்கள், நேரம் போகப் போகப் பணத்தை மறிப்பது கஷ்டம்.

ஆரப்பாளையம்_மகன்

எல்லாருக்கும் நன்றி. ஐயா எழுதியதை அப்பாவிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "அவருக்கும் இப்படித்தானா" என்று கேட்டுவிட்டு, மறுபடி படி என்றார்.

பி12 பார்க்கவே இல்லை. சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வந்து கொடுக்கிறார்கள், மக்களைத் தேடி மருத்துவத்தில், அட்டையில் மெட்ஃபார்மின் என்றுதான் இருக்கிறது. காது பற்றி அம்மாவிடம் கேட்டால், டிவி சத்தம் தெருமுனை வரை கேட்கிறது என்கிறார், எங்களுக்கு அது பழகிப்போய்விட்டது. ராஜாஜி மருத்துவமனையில் காது பிரிவிலும் காட்டிவிடலாம் என்று இருக்கிறேன். மையத்துக்குப் பணம் கட்டவில்லை, ஆய்வு கேட்டேன், விளம்பரத் துண்டறிக்கையைத்தான் திரும்ப அனுப்பினார்கள்.

ஒரு யோசனை, சரியா என்று அக்கா சொல்ல வேண்டும். அப்பாவுக்குத் தேனி தடம் அத்துப்படி. ஆரப்பாளையம், நாகமலை புதுக்கோட்டை, செக்கானூரணி, கருமாத்தூர், செல்லம்பட்டி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி என்று மூச்சு விடாமல் சொல்வார். இதையே வைத்துப் பயிற்சி செய்யலாமா?

நாகமலை_ஓடி

நல்ல யோசனை. ஆனால் அவருக்கு ஏற்கெனவே மனப்பாடமானதை அப்படியே ஒப்பிக்க வைத்தால் வேலை குறைவு. தேனியிலிருந்து தலைகீழாகச் சொல்லச் சொல்லுங்கள். அப்புறம் பேருந்தில் 38 பேர் இருக்கிறார்கள், செக்கானூரணியில் 6 பேர் இறங்கி 4 பேர் ஏறினார்கள், கருமாத்தூரில் 3 பேர் ஏறினார்கள், உசிலம்பட்டி போகும்போது எத்தனை பேர் என்று வாயாலேயே கேளுங்கள். சரியாகச் சொன்னால் ஊர்களைக் கூட்டுங்கள், தடுமாறினால் குறைத்துவிடுங்கள். பத்துக்கு ஏழெட்டு சரியாக வரும் அளவில் வைத்திருங்கள், நல்ல செயலிகள் செய்வதும் இப்படிக் கடினத்தை ஆளுக்குத் தக்கபடி கூட்டிக் குறைப்பதைத்தான். மதிப்பெண் எழுதி வைக்காதீர்கள். இது அவருக்குப் பிடித்துப் போனால், பேரன் யாராவது இருந்தால், போனில் தமிழில் பேசும் இலவச விளையாட்டு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம், ஒரு முறைக்கு அரை மணிக்கு மேல் வேண்டாம்.

கரண்ட் பில்லுக்கு நினைவுப் பயிற்சி தேவையில்லை. வாசல் கதவுக்குப் பின்னால் பெரிய எழுத்துக் காலண்டர், போனில் தமிழில் அலாரம், கட்டியவுடன் அவர் கையாலேயே அதில் ஒரு கோடு. அந்தக் கோடு போடும் பழக்கம் வந்துவிட்டால் மளிகைக் கடைக்கும் ஒரு சின்னக் குறிப்புப் புத்தகம் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார்.

நடை மட்டும் எந்தக் காரணத்துக்கும் நிற்கக் கூடாது. பின்லாந்தில் 1260 பேரை வைத்துச் செய்து 2015ல் வெளியான ஃபிங்கர் ஆய்வில் உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, ரத்த அழுத்தம், சர்க்கரைக் கட்டுப்பாடு எல்லாம் சேர்த்துத்தான் கொடுத்தார்கள், சேர்த்துக் கொடுத்ததில்தான் இரண்டு வருடத்தில் வித்தியாசம் தெரிந்தது.

செல்லம்பட்டி_பொண்ணு

எங்கள் ஊர்ப் பெயர் வந்ததால் கேட்கிறேன். என் அம்மா படிக்காதவர், கைநாட்டுத்தான். மறதி இருக்கிறது, ஆடு ஓட்டிப் போனால் நேரம் தெரிவதில்லை, ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். ஒரு இடத்தில் காட்டினோம், பென்சிலைக் கொடுத்துக் கடிகாரம் வரையுங்கள், பெட்டி வரையுங்கள் என்றார்கள். அம்மா பென்சிலைப் பிடித்ததே இல்லை. அதை வைத்து ரொம்ப மோசம் என்று சொல்லிவிட்டார்கள். செயலி, குறுக்கெழுத்து எல்லாம் எங்களுக்கு எப்படி?

நாகமலை_ஓடி

படிக்காதவருக்குப் படித்தவருக்கான பரீட்சையை வைத்து மோசம் என்று சொல்லக்கூடாது. மோக்கா என்கிற 30 மதிப்பெண் சோதனையில் 12 வருடமோ அதற்குக் குறைவாகவோ படித்தவர்களுக்கு ஒரு மதிப்பெண் கூட்டிக் கொடுக்க வேண்டும் என்பது விதி, பள்ளிக்கூடமே போகாதவருக்கு அதுவும் போதாது. எழுத்தறியாதவர்களுக்கென்றே மாற்றி அமைத்த சோதனைகள் இருக்கின்றன, அதைக் கேட்டு வைக்கச் சொல்லுங்கள். அதைவிட முக்கியம், உங்களை உட்காரவைத்துக் கேட்க வேண்டும்: அம்மா ஒரு வருடத்துக்கு முன்னால் தனியாகச் செய்த எந்த வேலையை இப்போது செய்ய முடியவில்லை? ஆடு எண்ணி அடைக்கிறாரா, சந்தையில் கணக்குச் சரியாகச் சொல்கிறாரா, குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுகிறதா? இதற்கெல்லாம் பதில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.

பயிற்சிக்கு எழுத்து வேண்டியதே இல்லை. பல்லாங்குழியில் எந்தக் குழியிலிருந்து எடுத்தால் எங்கே முடியும் என்று முன்கூட்டியே யோசிக்க வேண்டும், தாயத்தில் நான்கு காயையும் மனதில் வைத்திருக்க வேண்டும், பக்கத்து வீட்டு ஆட்களும் வந்து உட்காருவார்கள். இவற்றை மருந்து என்று சொல்லவில்லை, ஆய்வும் அப்படிச் சொல்லவில்லை, தெரிந்த ஆட்டத்தைச் சந்தோஷமாக ஆட முடிகிற வரை ஆடட்டும். போன் வேண்டுமென்றால் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு போதும். நீங்கள் காலையில் ஒரு சேதியைச் சொல்லி அனுப்புங்கள், சாயங்காலம் அம்மா அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்லி அனுப்பட்டும்.

செல்லம்பட்டி_பொண்ணு

சரி அக்கா. ராஜாஜிக்கே கூட்டிப்போகிறேன். போகும்போது வேறு என்ன எடுத்துக்கொள்ள?

நாகமலை_ஓடி

பழைய சீட்டுகள், ரத்தப் பரிசோதனைத் தாள்கள். அப்புறம் வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டையும், காலியானது, பாதி இருப்பது, கடையில் நீங்களே வாங்கியது, நாட்டு மருந்துப் பொட்டலம் உட்பட, ஒரு பையில் அள்ளிப் போட்டு எடுத்துப் போங்கள். பேரை மட்டும் சொன்னால் பாதி விட்டுப்போகும். அம்மாவுக்கு மூக்குக் கண்ணாடி இருந்தால் மறக்காமல் போட்டுவிட்டுக் கூட்டிப்போங்கள்.